ஏழாவது வரியைக் காலியாக விடுங்கள்

உங்கள் இருவருக்கும் பன்னிரண்டு தாள்கள் தனியாகக் கொடுத்திருக்கிறேன். எந்த வயர் எங்கே போகும், நனைந்த ஸ்பீக்கரை எத்தனை நாள் வெயிலில் வைக்க வேண்டும், ஜமால் பாயின் டிரம்ஸுக்கு எத்தனை மைக் என்பதெல்லாம் அவற்றில் வரிசை எண்ணோடு இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு மிக்சர் மேசையைச் சமாளித்துவிடலாம். இது பதின்மூன்றாவது தாள். இதில் வயர் எதுவும் வராது.

பதின்மூன்று வருடம் அந்த மேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். இப்போது இடது காதில் ஒரு விசில் சத்தம் குடிவந்துவிட்டது. இனி ஸ்பீக்கர் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் அப்பா சிரிக்கிறார். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

இந்தத் தாளை எழுதக் காரணம், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி நாம் அச்சடிக்கும் பாட்டு வரிசையின் ஏழாவது வரி. அது எப்போதும் காலியாக இருக்கும். ஒருமுறை நான் அதை நிரப்பினேன். துரை அண்ணன் பேஸ் கிடாரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதம் வரவில்லை. அவர் வராமலே இருந்திருந்தால் 'ஜல்லி' என்ற இந்தக் குழு அன்றோடு முடிந்திருக்கும். நீங்கள் இன்று வந்து சேர்வதற்கு இடமே இருந்திருக்காது. ஆகவே நான் செய்த தவறை என் வாயாலேயே கேட்டுவிடுங்கள். பிறகு யாராவது வேறு மாதிரிச் சொல்வார்கள்.

எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

நான் பெரம்பலூரில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழிக்குப் பாடாலூரில் கல்யாணம். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், கச்சேரி என்று ஏதோ நினைத்துக்கொண்டு 'ஜல்லி'யைக் கூப்பிட்டிருந்தார். வந்து இறங்கியவர்கள் மூன்று பேர். கிடாரும் பாட்டும் பரிமளாக்கா, பேஸ் துரை அண்ணன், டிரம்ஸ் ஜமால் பாய். அவர்களுக்குத் தெரிந்தது அவர்களுடைய பாட்டுகள் மட்டும். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற, காது கிழிகிற பாட்டுகள். சினிமாப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது.

மணப்பெண்ணின் மாமா மேடைக்கு அருகில் வந்து விசாரித்தார்.

"என்ன மாதிரி பாட்டுங்க பாடுவீங்க?"

"பங்க் ராக்குங்க" என்றார் பரிமளாக்கா.

"பங்க்கா? எந்த பங்க்கு? ஹைவேயில டீக்கடையத் தாண்டி இருக்குதே, அதா?"

ஜமால் பாய் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். "அது பெட்ரோல் பங்க்குங்க. இது எங்க சொந்த பங்க்கு."

"குழுவுக்குப் பேரு?"

"ஜல்லி."

"அதானே பாத்தேன். ஜல்லியடிக்க வந்திருக்கீங்க."

முதல் பாட்டு தொடங்கி அரை நிமிடத்தில் மைக் கூவியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மாமா இரண்டு கையையும் தூக்கி, "மெலடி ஒண்ணு எடுத்து வுடும்மா, மெலடி" என்று கத்தினார். துரை அண்ணன் பரிமளாக்காவின் காதருகே, "எல்லாத்தையும் மூட்ட கட்டிக்கிட்டுக் கெளம்பிடலாமாக்கா?" என்றார். ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்தபடி நிற்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. மேடையேறி அதைத் திருப்பி வைத்தேன். கூவல் நின்றது. பரிமளாக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி மணமேடைப் பக்கம் பார்த்தார்.

மாமாவை அவர் பார்க்கவே இல்லை. பட்டுப் புடவைக்குக் கீழே மணப்பெண்ணின் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தார். அடுத்து, மின்வெட்டைத் திட்டி அவர்கள் எழுதியிருந்த பாட்டை, ஒற்றைக் கிடாரில், பாதி வேகத்தில் பாடினார். மண்டபம் அமைதியாகிக் கேட்டது. முடிந்ததும் மாமா, "இத மொதல்லயே பாடியிருக்கலாம்ல? என்னா மெலடி" என்றார். மின்வாரியத்தைத் திட்டிய வரிகள் எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கிளம்பும்போது பரிமளாக்கா என்னிடம், "ஞாயித்துக்கிழம சும்மாத்தான இருப்ப, வா" என்றார். நான் போனேன். பதின்மூன்று வருடம் போய்க்கொண்டே இருந்தேன்.

ஒன்றை மட்டும் நான் அன்றைக்குக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருக்க வேண்டும். நெருக்கடியில் பரிமளாக்கா சத்தம் வரும் இடத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். நானோ ஸ்பீக்கரைப் பார்த்தேன். அன்று இரண்டும் உதவின. எப்போதும் உதவாது.

*

பயிற்சி நடந்த இடம், பரிமளாக்காவின் சித்தப்பாவுடைய வெங்காயப் பட்டறை. சின்ன வெங்காயம் விலை ஏறும்வரை சேர்த்துவைக்கும் கொட்டகை. வெங்காயம் இருக்கும் மாதங்களில் காற்று வருவதற்காக நாலு பக்கமும் திறந்திருக்கும். நாங்கள் மூட்டைகளுக்கு நடுவே நின்று வாசிப்போம். யார் கண்ணில் தண்ணீர் வந்தாலும் பாட்டினாலா வெங்காயத்தினாலா என்று கேட்பது ஜமால் பாயின் வழக்கம். இன்றும் மார்க்கெட்டில் வெங்காய மூட்டையைக் கடக்கும்போது என் கால் தானாக நாலு தட்டு தட்டுகிறது.

பரிமளாக்கா கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். போஸ்டர், பாட்டுப் புத்தகம் எல்லாம் அங்கேதான் அடிப்போம். மிஷினில் மை தீரும் தறுவாயில் அடித்ததால் எங்கள் முகங்கள் எல்லாப் போஸ்டரிலும் கோடு கோடாக இருக்கும். அதுதான் எங்கள் ஸ்டைல் என்று திருச்சியில் ஒரு கல்லூரிப் பையன் எழுதியபோது அக்கா ரொம்ப நேரம் சிரித்தார். ஜமால் பாய் ஜன்னல் கிரில் அடிப்பவர். டிரம்ஸ் தாங்கிகளை அவரே கம்பியில் வெல்டிங் செய்திருந்தார். அவற்றில் ஒன்றில் இன்னும் பூவேலைப்பாடு இருக்கும், பாருங்கள். யாரோ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த பால்கனிக் கிரில் அது. துரை அண்ணன் அரியலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தார். பேஸ் கிடாரை உரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வருவார். கண்டக்டர்கள் அதை மண்வெட்டி என்று நினைத்து சீட்டுக்கு அடியில் தள்ளச் சொல்வார்கள்.

ஏன் இவ்வளவு சத்தம் என்று சேர்ந்த புதிதில் பரிமளாக்காவிடம் கேட்டேன். ஜெராக்ஸ் மிஷினை மூடிக்கொண்டே சொன்னார். "எங்க தாத்தா அடுத்தவன் வயல்ல வேல பாத்தவரு. அவரு கொஞ்சம் சத்தமாப் பேசினா, யாருடா அவன்னு வரப்புல இருந்து அதட்டுவாங்களாம். அதான் எனக்கு ஆம்ப்ளிஃபையரு."

இவர்களுக்குள் நான் பட்டியலோடு நுழைந்தேன். வந்து சேரும் நேரம், சவுண்டு செக் நேரம், யார் எந்தப் பெட்டியைத் தூக்குவது என எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன். கிண்டல் செய்தார்கள், ஆனால் அதன்படி நடந்தார்கள். ஒரே ஒரு விஷயம் விசித்திரமாக இருந்தது. 'மணி நாலரை, சவுண்டு செக்' என்று எழுதினால், துரை அண்ணன் 'மணி'யை அடித்துவிட்டு 'டைம்' என்று எழுதுவார். ஒவ்வொரு முறையும். மற்ற இருவரும்கூட அவர் பக்கத்தில் இருந்தால் டைம் என்ன என்றுதான் கேட்பார்கள். இங்கிலீஷ் பாட்டு கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

இன்னொரு விசித்திரம் ஏழாவது வரி.

எங்கள் பாட்டுகளில் கூட்டம் விரும்பிக் கேட்பது 'மணி என்னாச்சு'. உங்களுக்கே தெரியும். அப்போதே செல்போன்களில் அது சுற்றிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் முட்டி மோதி ஓடும் சாலையில் ஒருவன் சைக்கிளில் போகிறான். நடுவில் எல்லோரும் சேர்ந்து கத்துகிற வரி, "மணி என்னாச்சு? மணி என்னாச்சு?" ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட பதற்றம் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். கூட்டமும் அப்படித்தான். கையில் கட்டாத கடிகாரத்தைத் தட்டிக் காட்டி ஆடுவார்கள்.

இந்தப் பாட்டு வரிசையில் எழுதப்படுவதில்லை. ஆறாவது பாட்டு முடிந்ததும் துரை அண்ணன் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்ப்பார். பிறகு பேஸ் கிடாரின் தடித்த கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் 'மணி என்னாச்சு'. அந்தப் பாட்டுக்கு மட்டும் கம்பி தாழ்ந்திருக்க வேண்டும். தளர்த்தாவிட்டால் வேறு பாட்டு. காரணம் கேட்டேன். "அந்த வரி துரையோடது" என்று மட்டும் பரிமளாக்கா சொன்னார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது மரியாதை என்று அப்போது நினைத்தேன். சோம்பல் என்று இப்போது நினைக்கிறேன்.

*

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் புது மிக்சர் வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய அளவுகளை எண் போட்டுப் பெயரோடு சேமித்துவைக்கும். நிகழ்ச்சியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். ஒன்றிலிருந்து ஆறுவரை சேமித்தேன். ஏழாவதில் பெயர் கேட்டு அது மினுக்கிக்கொண்டே இருந்தது. பெயரில்லாமல் சேமிக்க மறுத்தது. பெரும்பாலும் பாடுவது அந்தப் பாட்டைத்தானே என்று தட்டினேன்: மணி என்னாச்சு. மிக்சரில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தானே ஒழுங்கு? அக்கா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அவர் கடையிலேயே பாட்டு வரிசையையும் அப்படியே அடித்தேன். மூன்று பேருக்கும் ஒவ்வொன்று, விழா நடத்துகிறவர்களுக்கு ஒன்று. மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒரு தாளில் ஓட்டை இல்லாமல் இருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்த நிகழ்ச்சி அரியலூரில், ஒரு கல்லூரி மைதானத்தில், பிற்பகலில். நாற்காலிகள் எல்லாம் வெள்ளைப் புழுதி. துரை அண்ணன் ஓர் அம்மாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவருடைய அம்மா. ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். திருமானூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அதுவரை உட்காரவைக்க வேறு இடமில்லை.

"பாத்துக்க பாப்பா. அஞ்சரைக்கு நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனார். குழு தொடங்கிய எட்டு வருடத்தில் அவர் வீட்டிலிருந்து யாரும் நிகழ்ச்சிக்கு வந்ததில்லை என்பது எனக்குத் தெரியாது.

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீதான் அந்த இன்ஜினியருப் புள்ளையா? எல்லாத்துக்கும் சீட்டு எழுதி ஒட்டுற புள்ளன்னு துரை சொல்லுவான்."

"ஆமாங்கம்மா."

"எங்கண்ணு இன்னிக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் ஒரே வெளிச்சமா இருக்கு. காதாலதான் பாக்கணும்." சற்றுப் பொறுத்து, "டைம் என்னா ஆவுது பாப்பா?" என்றார்.

அவரும் டைம் என்றுதான் கேட்டார். காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை.

ஆறு பாட்டுகள் நன்றாகவே போயின. அம்மா கால்மேல் கைவைத்து அசையாமல் கேட்டார். ஒருமுறை மட்டும், "இந்த டம்முடம்முன்னு வர்றது நம்ம துரையா?" என்று கேட்டார். "டம்முடம்மு ஜமால் பாய்ம்மா. அதுக்கு அடியில தரை அதிருற மாதிரி வருது பாருங்க, அது துரை அண்ணன்" என்றேன். காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, "ஆமா, வருது" என்றார்.

ஆறாவது முடிந்தது. துரை அண்ணன் கூட்டத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். அதற்குள், நான் கொடுத்த தாளைக் கையில் வைத்திருந்த ஒரு பேராசிரியர் மைக்கில் அறிவித்துவிட்டார். "அடுத்தது, நீங்கள் எல்லோரும் காத்திருந்த பாட்டு, மணி என்னாச்சு."

மைதானம் எழுந்து நின்றது. பாட்டு தொடங்கும் முன்பே கத்த ஆரம்பித்தார்கள். மணி என்னாச்சு, மணி என்னாச்சு.

பரிமளாக்கா குனிந்து தாளைப் பார்த்தார். அச்சில் இருந்தது. துரை சம்மதித்திருக்கிறான் என்று நினைத்தார். துரை அண்ணனும் தாளைப் பார்த்தார். அக்கா அடித்திருக்கிறார் என்று நினைத்தார். ஜமால் பாய் இருவரையும் பார்த்தார், இருவரும் மறுக்கவில்லை, குச்சியைத் தட்டினார். மூன்று பேரும் ஒரு காகிதத்தை நம்பினார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

என் பக்கத்தில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யாரு பாப்பா மணியக் கேக்குறது?"

"பாட்டும்மா. டைம் என்ன ஆச்சுன்னு கேக்குற பாட்டு."

முதல் வரி வந்தது. பேஸ் தப்பாக ஒலித்தது. கம்பியைத் தளர்த்தவில்லை, சுதி சேரவில்லை. உங்கள் இருவரையும் நான் கவனிக்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். அப்போது நான் செய்தது, பேஸின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இறக்கியது. தப்பான சத்தத்தை மறைத்தேன். நல்ல சவுண்டு இன்ஜினியர் செய்யும் வேலை. துரை அண்ணன் ஏன் கம்பியைத் தளர்த்தவில்லை என்று நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பரிமளாக்கா பாடினார்.

சைக்கிள்ல போனான், சாலையெல்லாம் புழுதி...

"சைக்கிள்லயா?" என்றார் அம்மா. "சைக்கிள்லயா போனான்?"

இப்போதுதான் மேடையைப் பார்த்தேன். துரை அண்ணனின் கை கம்பியில் இருந்தது, ஆனால் அவர் வாசிக்கவில்லை. எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மணி என்பது நேரமில்லை, ஓர் ஆள்.

பாட்டு மைக்கை மியூட் செய்தேன். பரிமளாக்காவின் குரல் நின்றது. அதனால் எந்தப் பயனும் இல்லை. கூட்டத்துக்குப் பாட்டு மனப்பாடம். குரல் நின்றதும், தங்களைப் பாடச் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கேட்டார்கள். மணி என்னாச்சு? மணி என்னாச்சு?

அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்தார். கண் தெரியாமல் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு போனார். துரை அண்ணன் கிடாரை ஸ்பீக்கர் மேல் சாய்த்துவிட்டுக் குதித்து ஓடினார். சாய்த்து வைத்த கிடார் ஊளையிட ஆரம்பித்தது. அதை அடக்கியது மட்டும்தான் அன்று நான் சரியாகச் செய்த வேலை.

*

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் பரிமளாக்கா கேட்டார். "லிஸ்டை யாரு அடிச்சது?"

"நான்தான்க்கா."

ஜமால் பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "எட்டு வருசமா ஒரு வரியக் காலியா வச்சிருக்கோம்னா, எழுத பேனா இல்லாமயா வச்சிருக்கோம்?" என்றார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

"வுடுங்க பாய். சொல்லாதது நம்ம தப்பு" என்றார் அக்கா. பிறகு சொன்னார். மணி, துரை அண்ணனின் தம்பி. பத்தொன்பது வயது. குழு தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்னால், காலை ஷிப்டுக்குப் போகும்போது லாரி மோதி இறந்தவன். அந்தப் பாட்டை எழுதியது துரை அண்ணன். தன் ஊர்க்காரர் யாராவது கூட்டத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தளர்த்துவார். அம்மாவின் காதுக்கு அது போய்விடக் கூடாது. அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

துரை அண்ணன் போனை எடுக்கவில்லை. ஒத்துக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளை அக்கா ஒவ்வொன்றாக ரத்து செய்தார். வேறு ஆளை வைத்து வாசிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னபோது, "பேஸு வாசிக்கிற ஆளு கெடைப்பான், துரை கெடைப்பானா?" என்றார். வெங்காயப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தோம். நான் ஒரு பட்டியல் எழுதினேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயங்கள். ஒன்பது வந்தன. நான்காம் மாதம் அதை மடித்து எடுத்துக்கொண்டு திருமானூருக்குப் பஸ் ஏறினேன்.

அம்மா வீட்டுக்கு முன்னால் ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதும், "இன்ஜினியருப் புள்ள" என்றார். துரை அண்ணன் தண்ணீர்க் குழாயைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் தாளைப் பிரித்தேன். முதல் வரியைக்கூட அம்மா படிக்க விடவில்லை.

"அத மடிச்சு வையி. அன்னிக்கு எத்தன பேரு பாப்பா இருந்திருப்பாங்க?"

"நானூறு ஐந்நூறு பேரு இருப்பாங்கம்மா."

"அத்தன பேரும் கேட்டாங்க, மணி என்னாச்சு, மணி என்னாச்சுன்னு. அவன் போனப்ப வூட்டுக்கு வந்தவங்கல்லாம் லாரியப் பத்திக் கேட்டாங்க. வண்டி நம்பரக் கேட்டாங்க. கேஸு என்னாச்சுன்னு கேட்டாங்க. மணி என்னானான்னு ஒருத்தரும் கேக்கல."

தாளை மடித்துக்கொண்டே கேட்டேன். "அப்ப ஏம்மா எந்திரிச்சுப் போனீங்க?"

"பாட்டுல பொய் இருந்துச்சு. அதான்."

குழாய்ப் பக்கம் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அவன் சைக்கிள்ல போவல. நடந்துதான் போனான்" என்றார் அம்மா. சொன்னது என்னிடம், ஆனால் முகம் குழாய்ப் பக்கம் திரும்பியிருந்தது.

துரை அண்ணன் எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே பேசினார். "சைக்கிள நான் எடுத்துட்டுப் போயிட்டேன்மா. கிடாரு கத்துக்க. சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டேன்."

"தெரியும்டா. வூட்ல இருந்தது ஒரு சைக்கிளு. எனக்குத் தெரியாதா?"

துரை அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஒன்ன நான் ஒரு நாளாவது ஏன்னு கேட்டனா?"

"கேக்கலம்மா. அதான்."

ஆடு கீரையை இழுத்தது. அம்மா அதன் வாயிலிருந்து கயிற்றை விடுவித்தார்.

"இப்பத்தான் ஊரே கேட்டுடுச்சுல்ல. மாத்திப் பாடு" என்றார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரை அண்ணன் உரச் சாக்கோடு பட்டறைக்கு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. புது வரியைச் சொன்னார்: நடந்துதான் போனான், சாலையெல்லாம் புழுதி. ஜமால் பாய் இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, "ஒரு தட்டு கூடுதே துரை" என்றார். "நடந்தே போனான்னு வச்சா உக்காந்துடும்" என்று பரிமளாக்கா பாடிக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

"அம்மா நடந்துதான்னு சொன்னாங்க" என்றார் துரை அண்ணன். "கூடட்டும்."

அந்த ஒரு தட்டு இன்றுவரை பாட்டில் கூடுதலாக இருக்கிறது. வாசித்துக் கேட்கும்போது ஜமால் பாய் தவறிவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றும். தவறவில்லை. அதைச் சரிசெய்யச் சொல்லி அவரிடம் போய் நிற்காதீர்கள்.

அம்மாவுக்கே தெரிந்துவிட்டதே, இனி ஏழாவது வரியில் எழுதிவிடலாமா என்று நான் கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"வேணாம் பாப்பா" என்றார் துரை அண்ணன். "ரோட்டோரத்துல எங்க வூடு மட்டுமா இருக்கு? யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் கேக்கணும்."

அதனால் இன்றும் கம்பியைத் தளர்த்துவதற்கு முன்னால் அவர் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்க்கிறார். கல்லங்குறிச்சித் திருவிழாவில் ஒருமுறை பார்த்துவிட்டு, தளர்த்தாமல் விட்டார். முன்வரிசையில் ஒரு பெண் மாலை போட்ட சின்னப் படம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவே இல்லை. அவருக்குத் தெரிந்தது. அவர் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் மேசையில் உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. நீங்களும் பாருங்கள்.

மிக்சரில் ஏழாவது நினைவுக்குப் பெயராக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதை அது ஏற்றுக்கொண்டது. மாற்ற வேண்டாம். நான் எழுதிக் கொண்டுபோன அந்த ஒன்பது மன்னிப்புகள் மடித்தபடியே மிக்சர் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. தூக்கிப் போட்டுவிடலாம். மிக்சர் ஆடாமல் இருக்க உதவுவதால்தான் விட்டுவைத்தேன்.

கடைசியாக ஒன்று. செல்போன்களில் சுற்றும் பழைய பதிவில் இன்னும் சைக்கிள்தான் இருக்கிறது. கூட்டம் அதைக் கேட்டுத்தான் மனப்பாடம் செய்திருக்கிறது. ஆகவே 'நடந்துதான்' வரும் இடத்தில் எல்லோரும் ஒரு தட்டு முன்னாலேயே கத்த வாயைத் திறந்து, பாட்டு இன்னும் வந்து சேரவில்லை என்று தெரிந்து, நின்றுவிடுவார்கள். எந்த ஊரானாலும், எவ்வளவு பெரிய மைதானமானாலும், அந்த ஒரு தட்டு நேரம் யாரும் பாடுவதில்லை. என் இடது காதின் விசில்கூட அப்போது எனக்குக் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் எந்த ஃபேடரையும் தொடாதீர்கள்.